அண்ணன் படத்தில் தம்பியின் கண்கள்

வத்தல்மலைக்கு நான் பனிமூட்டத்தைப் படமெடுக்கத்தான் போவேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா. லென்ஸில் படியும் ஈரத்தைத் துடைக்கப் பழைய பனியன் துணி. அப்படிப் போன ஒரு காலையில், சாமைக் காட்டோரம் ஒரு பெண் என் கேமராவைப் பார்த்துக் கூப்பிட்டார். முந்தின நாள்தான் அவர் கணவர் இறந்திருந்தார்.

"ஆதார் படத்துல அவரு மூஞ்சியே தெரியலீங்க. ஒரு படம் எடுத்துக் குடுங்க. ஆனா கண்ணு தொறந்திருக்கணும். படிச்சவங்க நீங்க, கம்ப்யூட்டர்ல முடியாதா?"

முடியும் என்றேன். உடலை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இறந்தவரின் தம்பி பக்கத்தில் நின்று தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கணினியில் இமைகளை அழித்தேன். வைக்கத்தான் கண்கள் இல்லை. அதே படத்திலிருந்த தம்பியின் கண்களை வெட்டி ஒட்டினேன். ஒரே வெளிச்சத்தில் எடுத்ததால் நிறமும் நிழலும் அப்படியே பொருந்தின. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காரியத்தன்று படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூமாலை போட்டு வைத்த படத்துக்குக் கற்பூரம் காட்ட வந்த தம்பி அப்படியே நின்றுவிட்டார்.

"சார், இது என் கண்ணு. எனக்கே மாலை போட்டாப்ல இருக்குது. கண்ண மூடிக் குடுத்துடுங்க சார்."

படத்தை எடுக்கக் கை நீட்டினேன். அந்தப் பெண் குறுக்கே வந்து கொழுந்தனிடம் சொன்னார்:

"இப்பத்தான் கண்ணத் தொறந்திருக்காரு. இன்னொருவாட்டி சாவச் சொல்றியா?"

தம்பி தன் கண்களை இறுக மூடிக்கொண்டு கற்பூரத் தட்டைச் சுற்றினார். படத்திலிருந்த கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.