உள்ளங்கைக்கு வராத அதிர்வு

சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கழற்றுவான் தவசி. வலது உள்ளங்கையை இடது மார்பில் பரப்பி வைப்பான், விரல்களுக்கு நடுவே விலா எலும்புகள் அகப்படும்படி. கண்ணை மூடிக்கொள்வான். காரின் நான்கு கதவுகளும் சாத்தியிருக்கும். டிக்கியில் அவன் பொருத்திய பேஸ் பெட்டி, அடிக்குரல் சத்தத்துக்கான அந்தப் பெரிய ஸ்பீக்கர், முழங்கத் தொடங்கியதும், இடது கையிலுள்ள சின்ன ஸ்க்ரூ டிரைவரால் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் திருகை மயிரளவு மயிரளவாக ஏற்றுவான். நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பும் அதிர்வு மெல்ல உள்ளங்கைக்கு வந்து நிறையும். நிறைந்த இடத்தில் நிறுத்துவான். பிறகு திருகின் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. மனைவி சத்யப்ரியாவின் அலமாரியிலிருந்து எடுத்து வந்த புட்டி அது. காய்ந்துவிட்டால் திருகு அசையாது.

காதை அவன் நம்புவதில்லை. பதினெட்டு வயதில் வாடிப்பட்டிப் பக்கத்து வயலை விட்டு மதுரைக்கு வந்தவன். முதலில் வேன் வயரிங், அப்புறம் ஸ்பீக்கர், அப்புறம் பேஸ். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் சொந்தமாகக் கடை போட்டபோதே அவன் காதில் ஓயாத ஒரு விசில் குடியேறியிருந்தது. வீட்டில் மிக்ஸி ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதை சத்யப்ரியாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். ஆனால் நெஞ்சு அவனை ஏமாற்றியதில்லை. நெஞ்சை வைத்து டியூன் பண்ணுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தான். நெட்டையான, ஒட்டிய உடம்பு. வேலைக்கு நடுவே சிகரெட். சட்டைக்குள் விலாக்களை எண்ணிவிடலாம்.

பக்கத்து டீக்கடைக்காரர் சோணைமுத்துவுக்கு அவனைச் சீண்டாமல் பொழுது போகாது. "ஏப்பா தவசி, டீயை நான் ஆத்தவே வேணாம்யா. கிளாஸை ஒங்கடைப் பக்கமா வச்சாப் போதும், ஒம்பெட்டியே ஆத்திருது."

"அப்ப எனக்குக் கூலியா ஓசி டீ குடுங்கண்ணே."

"குடுக்கலாம். எங்கடைச் செவுத்துல விரிசல் விட்டுருக்கே, அதுக்கு யாரு கூலி குடுக்குறது?"

அந்த ஆவணியில் தவசியின் மகள் இதழினிக்குக் காதுகுத்து. ஒன்றரை வயது. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்துவார்கள். சத்யப்ரியாவின் தம்பி ராம்கி புதுக் கார் வாங்கியிருந்தான். சீர்த் தட்டுகளோடு குழந்தையையும் அந்தக் காரிலேயே வாடிப்பட்டிக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு.

"மச்சான், மாமன் சீர் வருதுன்னா வாடிப்பட்டிக்கே தெரியணும். இருக்குறதுல பெரிய பெட்டியா வைங்க."

சத்யப்ரியா தம்பியின் தலையில் ஒன்று வைத்தாள். "டேய், புள்ள ஏறுற வண்டிடா. அதோட காதைக் குத்தத்தான் போறோம், கிழிக்க இல்ல."

"நான் பாத்துக்கிறேன்" என்றான் தவசி. "நெஞ்சுல வச்சுப் பாத்துத்தான விடுவேன். வழக்கமா நிறுத்துறதுல பாதியிலயே நிறுத்திர்றேன். கைக்கு லேசாத் தட்டுனதும் பாலிஷ் வச்சுருவேன். அதுக்கு மேல இவன் அப்பன் வந்தாலும் ஏத்த முடியாது. போதுமா?"

போதும் என்றாள். அவன் நெஞ்சின் மீது அவளுக்கும் நம்பிக்கை இருந்தது.

அந்த வாரம் தவசிக்கு இடது பக்கம் சுருக்கென்று பிடித்துக்கொண்டே இருந்தது. பெட்டி தூக்கியதால் வந்த வாய்வுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணி குடித்தான். கடைப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. வெயில் என்று நினைத்தான்.

விசேஷத்துக்கு முந்தின நாள் ராம்கியின் கார் கடை வாசலில் நின்றது. தவசி உள்ளே உட்கார்ந்து, பொத்தானைக் கழற்றி, கையை வைத்தான். பெட்டி முழங்கியது. உள்ளங்கைக்கு ஒன்றும் வரவில்லை. லேசாகத் தட்டினால் போதும், அதுகூட இல்லை. திருகை ஏற்றினான். இல்லை. பெட்டியில் காற்றுக் கசிவு இருக்குமோ என்று இறங்கிப் போய் ஓரங்களைத் தடவிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. திரும்ப வந்து இன்னும் ஏற்றினான். கண்ணாடி வழியே டீக்கடை தெரிந்தது. மேசையிலிருந்த கிளாஸ்கள் தாமாக ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தன. சோணைமுத்து கையை ஆட்டி என்னவோ கத்தினார். வழக்கமான கேலி என்று தவசி சிரித்துவைத்தான்.

பக்கத்து சீட்டிலிருந்த ராம்கி மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "போதும் மச்சான். கண்ணெல்லாம் மங்குது."

"பொறு மாப்ள. இன்னும் கைக்கே வரல. ஒன் காரு தண்டம்."

"ஊரே தெறிக்குது, கைக்கு வரலங்கிறீங்க?"

"ஒனக்குக் காதுல கேக்குறத வச்சுத்தான் தெரியும். எனக்கு அப்படி இல்ல."

கடைசியில் கைக்குள் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான், லேசாக. சொன்னபடி அங்கேயே நிறுத்தினான். சிவப்புச் சொட்டு வைத்து, காயும்வரை ஊதினான். ஊதுவதற்கு மூச்சு பற்றவில்லை.

காலையில் பட்டு வேட்டியைச் சுற்றும்போதே தவசி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உதடு கறுத்திருந்தது. வாசலில் நின்ற ராம்கியின் காரில் சீர்த் தட்டுகள் ஏறிவிட்டன. சத்யப்ரியா குழந்தையோடு திரும்பி ஓடி வந்தாள்.

"நான் போகலங்க."

"வாய்வுதான்டி. சோணைமுத்தண்ணே கூட வாராரு, ஒரு ஊசி போட்டுட்டு நேரா கோயிலுக்கு வந்துர்றேன். நல்ல நேரம் தப்பிரும். கெளம்பு."

அவள் ஏறினாள். அவளுக்கும் குழந்தைக்கும் பின் சீட், பெட்டிக்கு நேர் முன்னால். புழுக்கமாக இருந்ததால் ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றினார்கள். தெரு திரும்பும் முன்பே முழக்கம் தொடங்கியது. தவசிக்கு அது தூரத்தில் யாரோ கம்பளி உதறுவது போலக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இடது நுரையீரல் சுருங்கிக் கிடந்தது. அதிலிருந்து காற்று கசிந்து, அதற்கும் விலாவுக்கும் நடுவே நின்றுவிட்டது என்றார்கள். விலாவில் குழாய் போட்டார்கள். என்ன தொழில் என்று கேட்ட டாக்டரம்மா பதிலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஒல்லி உடம்பு, சிகரெட்டு, இதுக்கே வரும். பலத்த பேஸ் பக்கத்துல இருந்தவங்க சிலருக்கு வந்ததாவும் எழுதியிருக்காங்க. அதுனாலதான்னு நான் சொல்லமாட்டேன். இல்லைன்னும் சொல்லமாட்டேன்."

சாயங்காலம் சத்யப்ரியா வந்தாள். இதழினியின் காதில் புதுத் தோடு. ராம்கி பின்னால் நின்றான்.

"வண்டியில ஏறுனதும் வீல்னு கத்துனா. பாதி வழியில தானா அமந்துட்டா" என்றாள். "குத்துனப்பத்தான் மறுபடி அழுதா. மாமன் ராசின்னு எல்லாரும் சொன்னாங்க."

தவசி தலையணைக்குப் பக்கத்திலிருந்த கடைச் சாவிக்கொத்தை எடுத்தான். குழந்தையின் தலைக்குப் பின்னால் குலுக்கினான். அவள் அவனுடைய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் குலுக்கினான். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அசதியா இருப்பா" என்றாள் சத்யப்ரியா. குரல் இறங்கியிருந்தது.

"ஏய், நான் கொறச்சுத்தான் வச்சேன்" என்றான் தவசி. "சத்தியமா. கைக்கே வரல தெரியுமா? அந்த வண்டியில பேஸே இல்ல."

காது டாக்டர் இதழினியைச் சோதித்துவிட்டு, சில வாரம் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார். காது கேட்பது தானாகத் திரும்பினாலும் திரும்பலாமாம். கொறச்சுத்தான் வச்சேன் என்பதைத் தவசி பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அதைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தான்.

குழாயை எடுத்த அன்று டாக்டரம்மா அவன் சட்டையை விலக்கி, இடது மார்பில் தன் உள்ளங்கையைப் பரப்பி வைத்தார். அவன் வைப்பது போலவே.

"தொண்ணூத்தொம்பதுன்னு சத்தமாச் சொல்லுங்க."

சொன்னான்.

"இப்பக் கைக்கு நல்லா வருது. நீங்க வந்த அன்னிக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமே வரல." கையை எடுத்துக்கொண்டார். "நடுவுல காத்து நின்னுட்டா, உள்ள என்னதான் அதிர்ந்தாலும் கைக்குத் தெரியாது."