ஏத்தத்துக்கா, ஓட்டத்துக்கா

எங்கள் வீட்டில் இந்தக் கதையைத் தப்பாகத்தான் சொல்கிறார்கள். விசேஷத்துக்குக் கூடும்போதெல்லாம் ‘பாப்பா எடுத்த பூ’ என்று ஆரம்பித்து, சித்தப்பாவின் திருட்டுத்தனத்தில் முடித்துச் சிரிக்கிறார்கள். எனக்கு உடம்பு எரிகிறது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன்.

வத்தல்மலைக்குத் தார் ரோடு வந்த மறு வருஷம், ஆடி மாதம். நான் நாலாம் வகுப்பு. அம்மா மலைக்கு மளிகை கொண்டுபோய் விற்பாள்; அங்கிருந்து மிளகும் பலாப்பழமும் வாங்கி வந்து பாப்பாரப்பட்டிச் சந்தையில் போடுவாள். அப்பா பைக் ஓட்டுவார். எங்கள் சாப்பாடு அந்த பைக் மலை ஏறுவதில் இருந்தது. அந்த ஆடியில் ஒரு கொண்டைஊசி வளைவில் வண்டி நின்றுபோனது. என்ஜினுக்குள் பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் போய்விட்டது.

மெக்கானிக் என்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏத்தத்துக்கு வேணுமா, ஓட்டத்துக்கு வேணுமாங்க? பிஸ்டன் ரொம்ப தூரம் ஏறி எறங்குற கிராங்க் போட்டா இழுக்கும், ஆனா வேகம் வராது. அதுக்கு பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்குற ராடு குட்டையாத்தான் போடணும், இல்லைன்னா பிஸ்டன் மேல போயி இடிக்கும். பிஸ்டன் கொஞ்ச தூரம் மட்டும் ஏறி எறங்குற கிராங்குன்னா நீட்டு ராடு போடலாம். வண்டி பறக்கும். மூட்டை ஏத்துனா மூச்சு வாங்கும்.”

அம்மாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, ஏத்தம்தான். சித்தப்பாவுக்கு, அதாவது அப்பாவின் தம்பிக்கு, ஒகேனக்கல் ரோட்டில் பறக்க ஆசை.

“நீட்டு ராடுன்னா பாம்பு மாதிரி போவும்ங்க அண்ணி.”

“பாம்பு மூட்டை தூக்குமாப்பா?”

அப்பா யார் பக்கமும் பேசவில்லை. நீட்டு ராடு போட்டால் எவ்வளவு வேகம் போகும் என்று மட்டும் மெக்கானிக்கிடம் இரண்டு தடவை கேட்டார். ஆபத்தை விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டை ஓயாததால், “ஆத்தாகிட்டப் பூ கேட்டுடலாம்” என்றார் அப்பா. கல்யாணமோ கிணறோ, முடிவாகாவிட்டால் எங்கள் ஊரில் பூ கேட்பது வழக்கம். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம் கட்டி மாரியம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். நானும் எவ்வளவோ படித்துவிட்டேன். கிராங்குக்குப் பூ கேட்ட ஊர் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

சிவப்பு வந்தால் ஏத்தம், வெள்ளை வந்தால் ஓட்டம். பொட்டலத்தைப் பூசாரிதான் கட்ட வேண்டும். “உங்க கையெல்லாம் விபூதி, நான் கட்டறேங்க” என்று அப்பா இலையை வாங்கிக்கொண்டார். சித்தப்பா வெளியே செருப்பருகே நின்றிருந்தார். நான் எடுத்தேன். வெள்ளை. இன்னொரு பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பா கோயிலிலிருந்து நேராக மெக்கானிக் கடைக்குப் போனார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் அம்மா இறங்கினாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள். பாரமில்லாத வண்டியில் அப்பா மேலே போய்க் காத்திருப்பார். ராத்திரி கால் வலி வந்தால் அம்மா என்னைப் பார்த்து, “பூவு எடுத்த கையப் பாரு” என்பாள். அந்தக் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்காருவேன். அப்பா பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

தீபாவளிக்கு முன் அம்மா அப்பாவின் கோயில் சட்டையை என்னிடம் துவைக்கக் கொடுத்தாள். விசேஷத்துக்கு மட்டும் போடுகிற சட்டை. பையில் அந்தப் பொட்டலம் கட்டியபடியே காய்ந்து கிடந்தது. பிரித்தேன். காய்ந்தாலும் தெரிந்தது, அதுவும் வெள்ளை.

எடுத்துக்கொண்டு நேராகச் சித்தப்பாவிடம் ஓடினேன். “நீதானே மாத்துன?”

சித்தப்பா பூவைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா கொடியில் துண்டு தேடிக்கொண்டிருந்தார். துண்டு அவர் தோளில் இருந்தது.

“ஆமா கண்ணு, நான்தான்” என்றார் சித்தப்பா.

அம்மா சத்தம் போடவில்லை. “உன் கூடப் பொறந்தவ மூட்டை தூக்கி நடந்திருந்தா இப்படிச் செய்வியாப்பா?” என்றாள். “தப்புதாங்க அண்ணி” என்றார் அவர். தீபாவளி முடிந்ததும் ஓசூருக்கு, ஒரு கம்பெனி வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொட்டலம் கட்டிய கையை என் கண்ணாலேயே பார்த்திருந்தும், அந்த வயதில் அப்பாவைச் சந்தேகிக்க எனக்கு வழி தெரியவில்லை.

சித்தப்பாவைத் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் விட்டுவர அந்த பைக்கில்தான் அப்பா போனார். அம்மா உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். தலைமுடி பின்பக்கமாகச் சீறி நின்றது. கண் இரண்டும் சிவந்து, தண்ணீர் காதுவரை வழிந்து காய்ந்திருந்தது.

“பாவம், தம்பிய அனுப்பிட்டு அழுதிருக்காரு” என்றாள் அம்மா. நானும் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அழுதால் கண்ணீர் கன்னத்தில்தான் இறங்கும். காதுப் பக்கம் ஓடாது. அதற்கு எதிர்காற்று வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது.