எங்க போறீங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க

என் வீட்டுக்காரர் தூண்டிலோடு படி இறங்கும்போது யாரும் "எங்க போறீங்க?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தீர்ந்தது. திரும்பி உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். எங்கள் தெருவில் கேட்காமல் யாரால் இருக்க முடியும்? சில ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் குடித்தே வயிறு நிறைந்து, படுத்துவிடுவார்.

இவ்வளவு பார்த்துப் போயும் மீன் வந்ததா என்றால், அதுதான் இல்லை. குவைத்தில் வேலை பார்க்கும் என் தம்பி ஒவ்வொரு லீவுக்கும் வந்து இதையே சொல்லிச் சிரிப்பான். "மச்சான், நீங்க மீன் பிடிக்கப் போறீங்களா, மீனுக்குச் சோறு போடப் போறீங்களா?" அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். கட்டினவரை நான் ஆயிரம் சொல்வேன், இவன் யார் சொல்ல?

இந்த வருஷம் லீவில் வந்தவன், திருக்கோகர்ணத்து வீட்டிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகப் போன் செய்தான். போனைப் பிடுங்கி, "கண்மாய் மீன் கொழம்பு, மாப்ள. நானே பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார் இந்த மனுஷர். எனக்குப் பகீரென்றது. கோழி எடுத்துச் சமாளித்துவிடலாம் என்றேன். "கோழி வச்சா நான் எலையிலயே உக்கார மாட்டேன்" என்றார். முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. மசாலாவை அரைத்து வைத்துவிட்டு நானும் கூடவே கிளம்பினேன். தெருவில் எவர் வாயைத் திறந்தாலும் நான் முந்திக்கொண்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு அடைத்துவிட்டேன்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் கண்மாயில் அன்று ஈ காக்கை இல்லை. மண்புழுவைக் கோத்துத் தூண்டிலைப் போட்டவர், என் பக்கம் திரும்பினார்.

"ஒன் தொணதொணப்புக்கே மீனெல்லாம் ஓடிரும். நான் சொல்ற வரைக்கும் வாயத் தெறக்க மாட்டேன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

அடித்தேன், கொஞ்சம் பலமாகவே. அவர் குச்சியைக் கரையில் ஊன்றிவிட்டு, மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

தக்கை முங்கியது. வாயைத் திறக்க முடியுமா? தாலி விஷயமாயிற்றே! கையைத் தட்டினேன். ஒரு கண்ணைத் திறந்தார். கையை ஆட்டினேன், குதித்தேன், மூக்கால் முனகினேன். "வீட்டுக்குப் போகணும்னா போ, ஆடாத" என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டார். குச்சி பிடுங்கிக்கொண்டு தண்ணீருக்குள் போன சத்தம் கேட்டுத்தான் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அதன் பின்னாலேயே ஓடினார். குச்சி ஆம்பல் கொடியில் சிக்கி நின்றது. இன்னும் நாலு எட்டுதான்.

அப்போது கரைமேல் ஒரு பைக் வந்து நின்றது. என் தம்பி. வீடு பூட்டிக் கிடந்ததால் நேரே இங்கே வந்துவிட்டான்.

"மச்சான்! எங்க போறீங்க?"

அவ்வளவுதான். மனுஷர் அப்படியே நின்றார். திரும்பினார். கரையேறி, உட்கார்ந்து, கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார். அங்கே குச்சி துள்ளிக்கொண்டிருக்கிறது. நான் வாயைப் பொத்திக்கொண்டு குச்சியைக் கையால் காட்டிக்கொண்டே இருந்தேன். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். இவர் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி இறங்கினார். விரால்! முழங்கை நீளம். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்பப் பேசு" என்றார் என்னிடம். பேசினேன். கண்மாயே அதிரும்படி பேசினேன்.

குழம்பை மறுபடி மறுபடி ஊற்றிச் சாப்பிட்டும் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணி குடிச்சதுக்கும் மீனுக்கும் என்ன மச்சான் சம்பந்தம்?"

லீவு முடிந்து எங்கள் வீட்டிலிருந்துதான் அவன் விமானத்துக்குக் கிளம்பினான். கார் வாசலில் நின்றது. பெட்டியோடு படி இறங்கும்போது எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, எங்க கெளம்பிட்டீங்க?"

தம்பி பெட்டியை இறக்கி வைத்தான். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் அதற்குள் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.