படத்தில் இல்லாத தண்ணீர்

ரொறன்ரோவில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடையில் ஏழு வருடம் கோப்பை கழுவினேன். கழுவுகிற தொட்டிக்கு மேலே கிரேக்க நாட்டுச் சன்ரோறினித் தீவின் படம் தொங்கியது. வெள்ளை வீடுகள், நீலக் கூரைகள், கீழே கடல். ஏழு வருடமும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஆறு இல்லை, கிணறு இல்லை, தண்ணீர்த் தாங்கி இல்லை. அவ்வளவு சனம் சாப்பிட்ட கோப்பையை எதில் கழுவுகிறார்கள்?

சமையல்காரர் கிரேக்கர். அவரிடம் கேட்டேன். தான் மலைப்பக்கத்து ஆள், தெரியாது, போய்ப் பார் என்றார்.

தொண்ணூற்றாறில் கனடாப் பாஸ்போட் கிடைத்தது. மனைவியோடு அந்தத் தீவுக்குப் புறப்பட்டேன்.

"சனம் கடல் பாக்கப் போகுது. இவர் தண்ணிப் பைப்பைப் பாக்கப் போறார்," என்றாள். என்றாலும் பெட்டி அடுக்கினாள். மிளகாய்த்தூளும் வைத்தாள்.

படத்தில் இருந்ததெல்லாம் அங்கே இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு சின்னக் கடையில் மீன் சாப்பிட்டோம். முடிந்ததும் கை தன்பாட்டில் வேலை செய்தது. மிச்சத்தை வழித்தேன். பெரிய கோப்பை கீழே, சின்னது மேலே. தூக்கிக்கொண்டு எழும்பினேன்.

"வையுங்கோ அதை. நாங்கள் காசு குடுத்துச் சாப்பிட்டனாங்கள்."

"தண்ணியைப் பாத்திட்டு வாறன்."

பின்னுக்கு ஒரு இருட்டறை. நாற்பது வயது இருக்கும், ஒருவன் கழுவிக்கொண்டு நின்றான். கோப்பையை முதலில் கடதாசியால் துடைத்து, பிறகு வாளியில் தோய்த்தான். நான் அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். முகம் மாறியது.

பின்னால் முதலாளி வந்து நின்றார். வேலை தேடுகிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவன் மெதுவாகத்தான் கழுவுகிறான், நீ நாளைக்கே வரலாம் என்றார்.

அவன் தலையைக் குனிந்து வேகமாகக் கழுவத் தொடங்கினான். ஏற்கெனவே கழுவின கோப்பை அது. நானும் அப்படிக் கழுவியிருக்கிறேன். ரொறன்ரோவில் பின்கதவால் ஆராவது வேலை கேட்டு வந்தால் அப்படித்தான்.

ஊர் பார்க்க வந்தவன் என்றேன். முதலாளி நம்பவில்லை. அந்த நேரம் மனைவி கழுத்தில் கமெராவோடு வந்தாள்.

"விட்டா இஞ்சையும் நிண்டு கழுவுவியள்."

தமிழ் விளங்காவிட்டாலும் கமெரா விளங்கியது. முதலாளி சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தண்ணீர் எங்கே என்று அவனிடம் கையால் கேட்டேன். கடலைக் காட்டி, கப்பலில் வருகிறது என்று கையைக் கப்பல் மாதிரி அசைத்தான். பிறகு நிலத்தில் ஒரு பலகையைத் தூக்கினான். கீழே கறுப்பாகத் தண்ணீர் கிடந்தது. மழைத்தண்ணீர் என்று விரலால் காட்டினான். இதைப் பிறகு சமையல்காரருக்குச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

என் கையிலிருந்த கோப்பைகளை அவனே வாங்கிக்கொண்டான்.

மிச்ச மூன்று நாளும் அங்கேதான் சாப்பிட்டோம். கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பினேன். கஷ்டமாகத்தான் இருந்தது. போகும்போது மட்டும் உள்ளே எட்டிப் பார்ப்பேன். கடைசி நாளும் அவன்தான் நின்றான்.