வழுக்கை விழுந்த அரங்கள்

ஆவாரம்பாளையத்தில் ராமாமணி வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அரத்துக்குப் பல் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். வந்த புதிதில் அவளுக்குத் தலைவலி வந்தது. பிறகு பழகிவிட்டது. சாயங்காலம் மெஷினை நிறுத்தினால்தான் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும்.

மரம் ராவுவதற்கும் மாட்டுக் குளம்பு ராவுவதற்குமான முரட்டு அரங்கள்தான் அங்கே செய்தார்கள். காய்ச்சி ஆறவிட்டு இளக்கிய இரும்புப் பட்டையை ஈயத் தகட்டின்மேல் கிடத்தினால், மேலேயிருந்து கூர்முனை உளி ஒன்று அதன்மேல் கொத்தும். கொத்திய இடத்தில் இரும்பு பிதுங்கி ஒரு பல்லாக எழும்பும். உளி கொஞ்சம் நகர்ந்து அடுத்த பல்லைக் கொத்தும். வரிசை முடிந்தால் பட்டை முன்னால் நகர்ந்து அடுத்த வரிசை. கடைசியில் உலையில் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, பல் இறுகும்படி டெம்பர் ஏற்றினால் அரம் கடைக்குப் போகத் தயார்.

அவள் கணவர் கோவிந்தராஜுலு ஒரு மில்லில் பிட்டராக இருந்தவர். உடைசலாக வந்த மெஷினை வாங்கி, தேய்ந்த பாகங்களைத் தானே கடைந்து போட்டு ஓட வைத்திருந்தார். அவர் மெஷினைக் கண்ணால் பார்த்து ஓட்டியதில்லை, காதால்தான் ஓட்டினார். உளி கூராக இருந்தால் சத்தம் 'டிக் டிக்' என்று வரும். முனை மழுங்கினாலோ உடைந்தாலோ 'தொப் தொப்' என்று மாறும். வாசலில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி, அந்தத் 'தொப்' கேட்டதும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் பெல்ட்டைத் தள்ளி நிறுத்துவார். அதனால் மெஷினுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கத் தேவையே இருக்கவில்லை. ராமாமணி எண்ணெய் விடுவாள், வெட்டிய பட்டைகளை உலைக்கு அடுக்குவாள், சாக்கில் கட்டுவாள். உளிக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை.

தொண்ணூற்றிரண்டில் மகள் கீதா ப்ளஸ் டூ முடித்தாள். திருச்சியில் என்ஜினியரிங் சீட் கிடைத்தது. ஹாஸ்டலில் விட கோவிந்தராஜுலுவுக்கு மனமில்லை. "கோயமுத்தூர்ல இல்லாத காலேஜா?" என்று வாரக்கணக்கில் கத்தினார். ராமாமணி பேசாமல் பெட்டியைக் கட்டி, மகளைத் தானே கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்தது. சோறு வேண்டுமா என்றால் பதில் வராது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இத்தனை வைராக்கியம் ஒரு ஆளுக்கு ஆகாது என்று அவள் நினைத்தாள். கொஞ்ச நாள் தானாகவே வலியப் போய்ப் பேசிப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் ரோஷம் வந்தது. தட்டை வைப்பாள், எடுப்பாள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிப் போயிற்று.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் கயிறு, மணி, லாடம், ஆணி விற்கும் கடை வைத்திருந்தவர் சிக்கந்தர். லாடம் அடிக்கிறவர்களுக்கு வேண்டிய குளம்பு அரங்களை இவர்களிடம்தான் எடுப்பார். ஒரு நாள் மத்தியானம் அவர் சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். முகம் சரியில்லை.

"இதப் பாருங்க அக்கா," என்று ஒரு அரத்தை எடுத்து நீட்டினார். நடுவில் பட்டையாக ஒரு இடம் வழவழவென்று இருந்தது. பல் எழும்பவே இல்லை. "வழுக்கை உழுந்து கெடக்குது. ஒண்ணு ரெண்டுன்னா பரவால்லீங்க, பாதி மூட்டை இப்படித்தான். நம்ம லாடக்காரரு ஒருத்தரு காளைக்கு ராவறப்ப இந்த எடத்துல வழுக்கி, கையி ஆணி மேல போயிருச்சு. பெருவெரலு கிழிஞ்சு தையல் போட்டிருக்குதுங்க."

ராமாமணி அரத்தை வாங்கி அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். இருபது வருஷத்தில் இப்படி ஒரு அரம் அந்தக் கொட்டகையை விட்டு வெளியே போனதில்லை.

கோவிந்தராஜுலு மெஷினுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று ஏதோ ராவிக்கொண்டிருந்தார். மின்சாரம் நின்று போயிருந்ததால் கொட்டகை அமைதியாகத்தான் இருந்தது. "ஏனுங்க மொதலாளி!" என்றார் சிக்கந்தர். பதில் இல்லை. இன்னும் பக்கத்தில் போய்க் கூப்பிட்டார். திரும்பவில்லை. சிக்கந்தருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாயத்தச் சொல்ல வந்தா மொகங்கூடக் குடுக்க மாட்டேங்கறாரு பாருங்க" என்றார்.

ராமாமணி அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிக்கந்தர் மேல் அவருக்கு என்ன கோபம் இருக்க முடியும்? பக்கத்தில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து அவருக்குப் பின்னால் சிமென்ட் தரையில் போட்டாள். சிக்கந்தர் துள்ளி விழுந்தார். கோவிந்தராஜுலு ராவிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு சிக்கந்தரைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, அவள் கணவருக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"காது கேக்கலீங்களா?"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு அம்மணி. எடது காது மொதல்ல போச்சு. வலது காதுல ரீங்காரம் மட்டும் இருக்குது."

"எப்ப இருந்துங்க?"

"கீதா போறதுக்கு முந்தியே."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க? நான் ஹாஸ்டல்ல உட்ட கோவத்துலதான் நீங்க பேசறதில்லைன்னு இருந்தனுங்க."

அவருக்கு அது பாதிதான் புரிந்தது. இரண்டாம் தடவை சொல்லச் சொல்லி உதட்டையே பார்த்தார். புரிந்ததும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"நீதான் பேசறத நிறுத்திப்போட்டீன்னு நான் நெனச்சேன். செவிடன்னு தெரிஞ்சா அரத்த எவன் வாங்குவான்? மெஷினத் தொட்டுப் பாத்தா அதிர்வு தெரியுது, சமாளிச்சுக்கலாம்னு பாத்தேன். முடியல."

டாக்டரிடம் காட்டினார்கள். செத்த நரம்பு திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் மெஷின் பக்கமே போகக் கூடாது என்றார் அவர். மெஷினை விற்றுவிடலாம் என்று கோவிந்தராஜுலு சொன்னார். ராமாமணி ஒத்துக்கொள்ளவில்லை. தானே நின்று ஓட்டிப் பார்த்தாள். அவளுக்கு 'டிக்'குக்கும் 'தொப்'புக்கும் வித்தியாசம் தெரிய வரவேயில்லை. காதில் பஞ்சு வைத்தால் சுத்தமாக ஒன்றும் தெரியவில்லை. வழுக்கை அரங்கள் விழுந்துகொண்டேதான் இருந்தன.

அவள் பிறந்த ஊர் கருமத்தம்பட்டி. அண்ணன் ராமுலு அங்கே விசைத்தறிப் பட்டறை வைத்திருந்தான். அடுத்த மாசம் சொந்தத்தில் ஒரு சீர் விசேஷத்துக்குப் போனபோது தறிக் கூடத்தில் நின்று அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தாள். பேச்சின் நடுவே ஒரு தறி தானாக நின்றது. குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவில் நூல் தீர்ந்துவிட்டிருந்தது. தறியில் முள்கரண்டி மாதிரி ஒரு சின்னக் கம்பி இருக்கும். குறுக்கு நூல் ஓடினால் நூல் அதைத் தூக்கிக் கொடுக்கும். நூல் இல்லாவிட்டால் கம்பி எழும்பாது, கொக்கி மாட்டித் தறி நின்றுவிடும். சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான். அன்றைக்கு அவள் பேச்சை விட்டுவிட்டு அந்தக் கம்பியையே பார்த்தாள்.

அண்ணனிடம் பழைய கம்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

கோவிந்தராஜுலுவின் முன்னால் அதை வைத்து, கையாலும் வாயாலும் விளக்கினாள். "நூலுக்குப் பதுலு பல்லுங்க. உளி கொத்துன ஒடனே பின்னாடி ஒரு கம்பி வந்து அந்தப் பல்லு மேல ஏறணும். ஏறுனா மெஷின் ஓடட்டும். பல்லு இல்லீன்னா கம்பி ஏறாது. ஏறலீன்னா நின்றோணும்."

அவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓடற உளியோட கம்பியும் சேந்து ஓடணுமே" என்றார். அவர் சந்தேகம் கேட்கவில்லை, வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

உளியைத் தாங்கிக்கொண்டு நகரும் சறுக்கிலேயே கம்பிக்கும் ஒரு தாங்கி வைத்தார். முதலில் செய்த கம்பி இரண்டே நாளில் தேய்ந்து மொட்டையாகி, பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று கிடந்தது. நுனியில் டெம்பர் ஏற்றிய இரும்பை வைத்தார். அடுத்து இரும்புத் துகள் வந்து கம்பிக்கு அடியில் அடைந்தது. துகளையே பல் என்று நினைத்து மெஷின் நிற்காமல் வழுக்கையை ஓடவிட்டது. சில நாள் காரணமே இல்லாமல் சும்மா சும்மா நின்றது. எரிச்சலில் அவர் ஒரு தடவை முழுவதையும் கழற்றி மூலையில் எறிந்தார். மறுநாள் அவரே எடுத்துத் துடைத்து மாட்டினார். கம்பிக்கு முன்னால் ஒரு சின்ன பிரஷ்ஷைக் கட்டிவிடலாம் என்று சொன்னது ராமாமணி. துணி துவைக்கிற பிரஷ்ஷிலிருந்து நாரைப் பிடுங்கிக் கட்டினார்கள். துகள் விலகியது.

பரீட்சை பார்க்க வேண்டுமென்று முனை உடைந்த உளியை வேண்டுமென்றே மாட்டி ஓட்டினார்கள். ஒரு கொத்துதான். கொக்கி விழுந்து, பெல்ட் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு நழுவி, உளி அந்தரத்தில் நின்றது. அவருக்குச் சத்தம் நின்றது தெரியவில்லை. உளி நின்றது தெரிந்தது. மெஷின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, உடைந்த உளியைக் கழற்ற ஆரம்பித்தார்.

புது அரங்களை ராமாமணியே பொள்ளாச்சிக்கு எடுத்துப் போனாள். சிக்கந்தர் வெயிலில் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். விரலில் தையல் போட்ட லாடக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் படுக்கப் போட்ட ஒரு மயிலைக் காளையின் குளம்பில் ராவினார். தூள் பொலபொலவென்று கொட்டியது. "பல்லு நல்லாக் கடிக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த காலுக்குப் போனார். சிக்கந்தர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"அன்னிக்கு மொதலாளியப் பத்தி ஒரு வார்த்த சொல்லிப்போட்டனுங்க அக்கா. மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"அவருக்குத்தான் அது கேக்கவே இல்லீங்களே" என்றாள் ராமாமணி.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். தங்கள் மெஷின்களுக்கும் அந்தக் கம்பியைப் போட்டுத் தரச் சொன்னார்கள். கோவிந்தராஜுலு மெஷின் ஓட்டுவதை விட்டுவிட்டு, முன்பக்க அறையில் லேத் போட்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டார். கொட்டகை ராமாமணி கைக்கு வந்தது. காதில் பஞ்சோடுதான் ஓட்டினாள். விடுமுறைக்கு வந்த கீதா, கம்பி வேலை செய்வதை நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் ஏதோ கேட்டாள். அவர் சாக்கட்டியால் தரையில் படம் போட்டுப் பதில் சொன்னார்.

காதுக்கு மாட்டும் மெஷின் ஒன்றும் வாங்கினார்கள். கல்யாணங்களுக்குப் போகும்போது மட்டும் மாட்டினார். வீட்டில் தேவைப்படவில்லை. எதிரே வந்து நின்று பேச ராமாமணி பழகியிருந்தாள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவர் பழகியிருந்தார். கீதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வந்தபோது இரண்டு பேருக்கும் மறுபடி முட்டிக்கொண்டது. அவள் சொல்வது பிடிக்காவிட்டால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவர் கண்ணைத் திறக்கும்வரை அவள் எதிரேயே நிற்பாள்.