மாப்பிள்ளையின் அசல் கையெழுத்து

ஒரு காலத்தில் மாநில அணிக்குக் கூடைப்பந்து ஆடிய ராஜ்கமல், அவிநாசிப் பக்கத்துக் கல்லூரியொன்றில் பதினோரு வருடமாகத் துணைப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் தரணீதரன், தாளாளரின் மாப்பிள்ளை. தன் பனியன் கம்பெனியை விட்டு நகராதவர். அவர் போட வேண்டிய கையெழுத்துகளையெல்லாம் ராஜ்கமலே பக்தியோடு போட்டுவந்தார்.

கோவைக் கல்லூரி ஒன்று ராஜ்கமலைத் தலைமைப் பதவிக்கே அழைத்தது. இங்கே அலுவலக பீரோவில் கிடக்கும் அவருடைய ஒரிஜினல் சான்றிதழ்களோடு நாளைக் காலை போய்ச் சேர வேண்டும். இந்த ஒருமுறையாவது நேர்மையாக இருப்போமென்று கம்பெனிக்கே போய், விடுவிப்புக் கடிதத்தில் மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிவந்தார்.

சான்றிதழ்களை எடுக்க பீரோவைத் திறந்த அலுவலக எழுத்தர் சுபஸ்ரீ, கடிதத்தைப் பழைய ஃபைலோடு ஒப்பிட்டாள். "இது மாப்பிள்ளை கையெழுத்து இல்லீங்களே சார்."

"அவரு கையால போட்டதும்மா! ஃபைல்ல இருக்கதுதான் நான் போட்டது."

"ஐயோ, வெளிய சொல்லிப்போடாதீங்க சார். வேலை போயிருமுங்க."

பீரோவைப் பூட்டினாள். மைதானத்தில் மாணவர்கள் காத்திருந்தார்கள்.