லினக்ஸ் வகுப்பில் ஒரு வயிற்றெரிச்சல்

நேற்று என் மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். முடிந்ததும், எந்த மென்பொருளை எந்த முகவரியிலிருந்து இறக்குவது என்று எழுதியிருக்கும் கோப்பைத் திறந்தேன். லினக்ஸ்காரர்கள் அல்லாத வெளியார் மென்பொருள் முகவரிகளுக்கு முன்னால் எல்லாம் கணினி தானாகவே ஒரு ஹாஷ் (#) குறியைப் போட்டு முடக்கி வைத்திருந்தது. உங்களுக்கென்றால் எரிச்சல் வரும். எனக்கு ரேவதி ஞாபகம் வந்தாள். அதுவும் எரிச்சல்தான், வேறு ரகம்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கணினி வகுப்பு இருந்தது. அங்கே நானும் அவளும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் லிந்துலையிலிருந்து பஸ் பிடித்து நேரத்துக்கே வந்துவிடுவாள். நடந்து வருகிற நான் பிந்திப் போவேன். மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் அறை முழுக்க மணக்கும். அதிலும் எனக்குப் பாதி தருவாள். இப்படித் தின்னக் கொடுக்கிற ஆள்மேல் எப்படித்தான் நிம்மதியாகப் பொறாமைப்படுவது, சொல்லுங்கள்.

வகுப்புக்குப் பொறுப்பாளராக எங்கள் இருவரில் ஒருவரைப் போட, வகுப்பை நடத்திய எங்கள் சேர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலிமேல் எனக்கு அப்படி ஓர் ஆசை. அந்த நேரம் பார்த்துத்தான் எல்லாக் கணினிகளுக்கும் பதிப்பு மாற்றினோம். நான் முந்திக்கொண்டு ஹாஷ் குறிகளை மடமடவென்று எடுத்தேன். அப்டேட் கொடுத்தால் வரிசையாகப் பிழைச் செய்தி. தமிழ் விசைப்பலகையைக்கூடப் போட முடியவில்லை.

"அண்ணே, குறிய எடுத்தா மட்டும் சரிவராதுங்க. உள்ளுக்கு பழைய பதிப்பு பேருதானே கெடக்கு" என்றாள் ரேவதி.

ஒவ்வொரு முகவரியிலும் புதிய பதிப்புக்கு மென்பொருள் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். வந்திருந்தால் பெயரை மாற்றினாள், வராததைத் திரும்ப முடக்கினாள். பின்னேரம் வகுப்பு நடந்தது. சேர் முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் நானும் கண்டுபிடித்திருப்பேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

பொறுப்பு அவளுக்குத்தான் போனது. பிறகு கொழும்பில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டுக்கொள்ள, நாற்காலி என்னிடம் வந்தது. உட்கார்ந்த அன்றே ஒரு பிள்ளை, "சேர், ரேவதி மிஸ் இனி வர மாட்டாங்களா?" என்று கேட்டது. அதற்குப் பிறகு எந்தக் கணினி மக்கர் பண்ணினாலும் இதே கேள்வி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது.

வகுப்பு மூடி, அந்த இடத்தில் இப்போது போன் கடை. போன வாரம் அதன் வாசலில் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். நெடுநேரம் பேசினான், அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் நானே பேச்செடுத்தேன்.

"எந்த ரேவதி மிஸ், சேர்?" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன்.